உங்கள் கணக்கு வழியாகப் போன பணம்தான் முதலில்

திருகோணமலை, உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தங்கை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 26. உயர்தரம் வரை படித்தவர். சுற்றுலாப் பருவத்தில் கடற்கரையோர விருந்தினர் விடுதி ஒன்றின் வரவேற்பில் வேலை. மாரி தொடங்கினால் விடுதியில் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள்; அடுத்த பருவம் வரை சம்பளம் இல்லை. அப்பா கடற்றொழிலாளி, அந்த மாதங்களில் அவருக்கும் வருமானம் மட்டுத்தான். வீட்டிலிருந்தே கொஞ்சம் காசு உழைக்கலாம் என்று தேடியபோது, கனடா நிறுவனம் ஒன்றின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. பீடீஎப் பக்கங்களைப் பார்த்து வேர்டில் தட்டச்சுச் செய்து கொடுத்தால் பக்கத்துக்கு 2 டொலர். பதிவுக்கு 7,500 ரூபா, மென்பொருளுக்கு 18,500 ரூபா கட்டினார். 600 பக்கம் தட்டச்சுச் செய்தார். அவர்களுடைய இணையப் பக்கத்தில் 1,200 டொலர் சேர்ந்திருப்பதாகக் காட்டியது. அதை எடுக்க "வரி" 62,000 ரூபா கேட்டார்கள். அம்மாவுக்குச் சொல்லாமல் அம்மாவின் காப்பை அடகு வைத்துக் கட்டினார்.

டொலர் வரவில்லை. அதற்குப் பதிலாக, அவருடைய வங்கிக் கணக்குக்கு 180,000 ரூபா வந்தது. "இன்னொரு ஊழியரின் சம்பளம் இது. 9,000 ரூபாவை நீங்கள் வைத்துக்கொண்டு மிச்சத்தை இந்த இரண்டு கணக்குகளுக்கு அனுப்பிவிடுங்கள், உங்கள் பணமும் வந்துவிடும்" என்றார்கள். அனுப்பினார். நான்கு நாளில் வங்கி கணக்கை நிறுத்திவிட்டது. கிளையிலிருந்து வரும் அழைப்புகளைப் பயத்தில் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மிரட்டல்: ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 350,000 ரூபா தண்டம், கட்டாவிட்டால் இன்டர்போல். இதற்கிடையில், 20,000 ரூபா தந்தால் இழந்த காசை மீட்டுத் தருகிறோம் என்று வேறொரு மின்னஞ்சல்.

"அந்த ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்துமா? போன காசு திரும்புமா? பொலிஸ் என்னைப் பிடிக்குமா? இணையத்தில் உழைப்பது எல்லாமே பொய்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கைக்கு,

கடிதத்தின் பெரும் பகுதியில், போன 88,000 ரூபாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். கணக்குக்கு வந்து போன 180,000 ரூபாவுக்கு ஐந்தாறு வரிதான். மனம் எங்கே நோகிறது என்று விளங்குகிறது. ஆனால் ஒரு சட்டத்தரணியாகப் பார்க்கும்போது எனக்கு ஒழுங்கு மாறுகிறது. 88,000 உங்கள் நட்டம். இன்றைக்கு எவ்வளவோ, அடுத்த மாதமும் அவ்வளவுதான். 180,000 அப்படியல்ல. நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அது உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பணம் யாருடையது?

எந்த நிறுவனமும் ஓர் ஊழியரின் சம்பளத்தை இன்னொருவரின் கணக்கில் போட்டு, கொமிஷனும் கொடுத்து அனுப்பச் சொல்லாது. அந்தக் காசு பெரும்பாலும் உங்களைப் போலவே ஏமாந்த வேறொருவருடையது. எங்கோ ஒருவர் "வரி" என்றோ, "பரிசுப் பொதிக்குச் சுங்கக் கட்டணம்" என்றோ நம்பிக் கட்டியிருப்பார். கட்டச் சொல்லி அவருக்குக் கொடுத்த கணக்கிலக்கம் உங்களுடையது. ஏமாந்தது விளங்கியதும் அவர் வங்கிக்கும் பொலிஸுக்கும் போயிருப்பார். அவர் கையில் இருக்கும் ஒரே பெயர் உங்கள் பெயர். நான்கே நாளில் கணக்கு நிறுத்தப்பட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் 62,000 ரூபாவும் இப்படி ஒரு தனியாளின் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கணக்குக்காரரும் கொமிஷனுக்கு ஆசைப்பட்டோ, விளங்காமலோ மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையாக இருக்கலாம். இந்த மோசடிக் கூட்டத்தின் தலைவர்கள் எந்த இடத்திலும் தங்கள் சொந்தப் பெயரில் காசைத் தொடுவதில்லை. கணக்கை இப்படிக் கொடுப்பது, களவுச் சாமானை உங்கள் வீட்டு முன்வாசலால் உள்ளே எடுத்துப் பின்வாசலால் வெளியே விட்டதுபோல. தேடி வருகிறவர்களுக்குத் தெரிவது உங்கள் வீடுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில், வஞ்சித்து ஒருவரிடமிருந்து பணத்தைப் பெறுவதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அது அந்தக் கூட்டத்துக்கான பிரிவு. உங்களுக்கு நெருங்கி வருவது 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம். குற்றத்தால் வந்த பணம் என்று தெரிந்துகொண்டோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் பாராமலோ அதைக் கைமாற்றினால் அங்கே குற்றம். உங்கள் நிலை முழுக்க இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது. அனுப்பிய அன்று உங்களுக்குத் தெரியாது. 600 பக்கம் தட்டச்சுச் செய்துவிட்டு, சொந்தக் காசையும் தொலைத்துவிட்டுச் சம்பளத்துக்குக் காத்திருந்தவர் நீங்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சல்களே சாட்சி. ஆனால் இன்று தெரியும். இனி ஒரு ரூபாவாவது அந்த வழியால் போனால், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

"பேசாமல் இருந்தால் தானாக அடங்கிவிடும்" என்று தம்பி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அடங்காது. வங்கியின் அழைப்பை எடுக்காமல் விட்டது நாளைக்கு "ஒளித்துத் திரிந்தார்" என்று வாசிக்கப்படும். அவர்கள் தேடி வருமுன் நீங்கள் போகவேண்டும்.

நாளைக் காலை

முதலில் வங்கிக் கிளை. முகாமையாளரைச் சந்தித்து நடந்ததை வாயால் சொல்வதோடு, கடிதமாகவும் கொடுங்கள். எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வந்தது, எந்தக் கணக்குகளுக்கு எவ்வளவு போனது, யார் சொல்லி அனுப்பினீர்கள் என்று ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு ஒப்பம் வாங்காமல் வெளியே வரவேண்டாம். 9,000 ரூபா கணக்கில் இருந்தால் அப்படியே கிடக்கட்டும். செலவழித்திருந்தால் அதையும் எழுதி, திருப்பிக் கொடுக்க ஆயத்தம் என்று சேருங்கள். "அந்தப் பணத்தின் சொந்தக்காரர் நான்தான்" என்று யாராவது தொலைபேசியில் வந்தால் நேரடியாக எதுவும் அனுப்பாதீர்கள். கொடுப்பது வங்கி மூலமோ நீதிமன்றம் சொல்லியோதான்.

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையம். உங்கள் பகுதி நிலையத்திலேயே முறைப்பாடு கொடுக்கலாம். கொழும்பிலுள்ள கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் அதை அனுப்பலாம். தனியே போகாதீர்கள். சட்டத்தரணியை அமர்த்த வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களுடைய சேவை உண்டு. வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆகவே வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை அல்ல, உங்கள் உரிமை. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய ஒரு வரிக்கும் கீழே கையொப்பம் வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பிரதிக்கும் விண்ணப்பியுங்கள்.

உங்களை ஆறுதல்படுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். விசாரிப்பார்கள். சந்தேகநபராகவும் விசாரிக்கலாம், நீதவான் முன் போகவேண்டியும் வரலாம். ஆனால் ஆவணங்களோடு தானாக வந்து, 9,000 ரூபா எடுத்ததையும் மறைக்காமல் சொன்ன ஒருவரைப் பார்க்கும் விதம் வேறு. பல வாரம் கழித்து வீட்டில் வைத்துப் பிடிபட்டவரைப் பார்க்கும் விதம் வேறு. பிணை கேட்கும்போதும் அந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் சட்டத்தரணி எடுத்துச் சொல்வார்.

இன்னொன்று. எரிச்சலில் எதையும் அழித்துவிடாதீர்கள். திரையைப் படம் பிடித்து வைத்தது மட்டும் போதாது. மின்னஞ்சல் எந்த வழியால் வந்தது என்ற விவரம் அசலுக்குள்தான் இருக்கிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மின்னஞ்சலின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் அசலைக் காட்டும் தெரிவு வரும்; அதைப் பதிவிறக்கி வையுங்கள்.

அந்த "ஒப்பந்தம்"

பேனாவால் கையெழுத்து வைக்காததால் அது செல்லாது என்பது தம்பியின் வாதம். முடிவு சரி, காரணம் பிழை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது. பின்னால் உண்மையான வாடிக்கையாளர்களோடு வேலை செய்யும்போது இதை ஞாபகம் வைத்திருங்கள். "சம்மதம்" என்று ஒரு பெட்டியில் சரி போடுவது விளையாட்டல்ல.

இந்த ஒப்பந்தம் நிற்காததற்குக் காரணம் மோசடி. வேலையும் இல்லை, நிறுவனமும் இல்லை, சம்பளம் கொடுக்கும் எண்ணமும் இல்லை. பொய்யால் பெற்ற சம்மதத்தின் மேல் நின்று உங்களிடம் தண்டம் அறவிட எந்த நீதிமன்றமும் உதவாது. மற்றது, உண்மையான ஒப்பந்தத்தை மீறினாலும் அது குடியியல் விடயம். கைது செய்யும் குற்றம் அல்ல. கடன் அறவிடுவது இன்டர்போலின் வேலையும் அல்ல.

நீங்கள் இணைத்த அந்தச் "சட்ட அறிவித்தலை" நன்றாகப் பார்த்தேன். மேலே தராசுப் படம், கீழே சிவப்பு முத்திரை. எந்த நீதிமன்றம் என்று இல்லை. வழக்கிலக்கம் இல்லை. சட்டத்தரணி என்று ஒரு பெயர் இருக்கிறது, விலாசம் இல்லை. 420ஆம் பிரிவின் கீழ் வழக்கு என்கிறார்கள். 420 என்பது இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்கான இலக்கம். அங்கேயே 2024 ஜூலையில் அந்தச் சட்டம் மாறிவிட்டது. இங்கே ஒருபோதும் அது ஏமாற்றுதலுக்கான பிரிவாக இருந்ததில்லை. வேறு நாட்டு ஆட்களை மிரட்ட எழுதியதைத் தலைப்பு மட்டும் மாற்றி உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உண்மையான கோரிக்கைக் கடிதத்தில் சட்டத்தரணியின் பெயரும் விலாசமும் ஒப்பமும் இருக்கும். நீதிமன்ற அழைப்பாணை நீதிமன்றத்தின் பெயரோடும் வழக்கிலக்கத்தோடும் பதிவுத் தபாலிலோ அதற்குரிய அலுவலர் ஒருவரின் கையாலோ வரும். அப்படி ஒன்று வந்தால் மட்டும் அலட்சியப்படுத்தாமல் உடனே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். இதற்குப் பதிலே எழுதவேண்டாம். "மன்னித்துக்கொள்ளுங்கள், என்னிடம் காசு இல்லை" என்று ஒரு வரி போட்டாலும், இந்த ஆள் பயந்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

88,000 ரூபா திரும்புமா?

வாய்ப்புக் குறைவு. வங்கிக்கு வங்கி நிகழ்நேரத்தில் போகும் காசு சில விநாடிகளில் மறுபக்கம் சேர்ந்துவிடும்; அதே மணித்தியாலத்துக்குள் அங்கிருந்தும் எடுத்துவிடுவார்கள். ஏமாந்தது தெரிந்த உடனே, அதாவது அன்றைக்கே, வங்கியைப் பிடித்தால் மட்டுமே தடுக்கச் சற்று இடமிருக்கிறது. ஆனாலும் முறைப்பாட்டில் அந்த மூன்று கொடுப்பனவுகளையும் கணக்கிலக்கத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எல்லாம் உள்நாட்டுக் கணக்குகள் என்றபடியால் ஆளைத் தேட ஒரு நுனி இருக்கிறது. யாராவது குற்றவாளியாகக் காணப்பட்டால் நட்டஈடு கேட்கவும் அந்தப் பதிவு வேண்டும். வங்கி உங்கள் கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

20,000 தந்தால் மீட்டுத் தருகிறோம் என்றவர்கள்? நீங்கள் ஏமாந்தது, எவ்வளவு என்பது எல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதே கூட்டம், அல்லது உங்கள் பெயரை அந்தக் கூட்டத்திடம் வாங்கியவர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்களுக்குள் விலைபோகிற சரக்கு.

மின்னஞ்சலை எப்படிப் பார்ப்பது?

"ஆங்கிலம் பிழையில்லாமல் இருந்தது, இணையப் பக்கத்தில் பூட்டுக் குறியும் இருந்தது, அதனால் நம்பினேன்" என்கிறீர்கள். இரண்டும் இன்று சாட்சியே இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பின் எவருக்கும் பிழையற்ற ஆங்கிலம் கிடைக்கிறது. பூட்டுக் குறி, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது. தளத்தை நடத்துகிறவர் நல்லவரா கள்வரா என்று சொல்லாது. அந்தப் பூட்டைக் கள்வரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பார்க்கவேண்டியது முகவரி. கைத்தொலைபேசியில் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் முதலில் தெரியும், அந்தப் பெயரை யாரும் எப்படியும் எழுதலாம். பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி வரும். அட் (@) குறிக்குப் பின்னால் உள்ளதைக் கடைசியிலிருந்து வாசியுங்கள். டொட் கொம் என்பதற்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளர். முன்னால் வங்கியின் பெயரைப் போட்டு, புள்ளி வைத்து, அப்புறம் வேறொரு பெயரும் டொட் கொம்மும் வந்தால் அது வங்கியுடையது அல்ல. உங்களுக்கு வந்த முதல் மின்னஞ்சலில் அட் குறிக்குப் பின்னால் இருந்தது வெறும் இலவச ஜிமெயில். கனடாவில் நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருப்பதாகச் சொல்லும் நிறுவனத்துக்குச் சொந்த முகவரி இல்லையா?

இது விடுதி வேலையிலும் உங்களுக்கு உதவும். அறைப் பதிவுத் தளங்களின் பெயரில், "விருந்தினர் ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று விடுதிகளுக்கு வரும் மின்னஞ்சல் இன்று உலகமெங்கும் நடக்கும் ஒரு மோசடி. அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், அதன்பின் விடுதியின் பெயரிலேயே விருந்தினர்களிடம் காசு கேட்பார்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பை விட்டுவிட்டு, தளத்தை நீங்களே தனியாகத் திறந்து அங்கே முறைப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. அவர்களுடைய பக்கத்தில் போட்ட அதே கடவுச்சொல்தான் ஜிமெயிலுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை வாசித்து முடிக்குமுன் அதை மாற்றுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். அமைப்புகளுக்குள் போய், உங்களுக்குத் தெரியாமல் மின்னஞ்சல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்களா, மீட்பு இலக்கமாக வேறு தொலைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுகிறவர்கள் பலர் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. கள்வர் உள்ளேயே இருந்துகொள்வார்கள். தொழில்நுட்ப உதவி வேண்டுமானால், கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101.

அடையாள அட்டையின் இரு பக்கமும், முகப் படமும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் அனுப்பியிருக்கிறீர்கள். இவற்றை வைத்து இணையக் கடன் எடுக்க முயலலாம், சிம் அட்டை எடுக்க முயலலாம். அதையும் முறைப்பாட்டில் சொல்லுங்கள். சில மாதம் கழித்து கடன் தகவல் பணியகத்திடமிருந்து, நாங்கள் கிரிப் என்று சொல்வோமே, உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் எடுக்காத கடன் ஏதும் இருந்தால் அதில் தெரியும்.

இணையத்தில் உழைப்பது பொய்யல்ல

பொய்யாக இருந்தது அந்த வேலை. பீடீஎப் பக்கத்தை வேர்டுக்கு மாற்ற இன்று மனிதர் தேவையில்லை. கூகுள் ட்ரைவே படத்திலுள்ள எழுத்தை, தமிழ் எழுத்தையும், இலவசமாகப் பிரித்தெடுத்துத் தருகிறது. அதற்கு யார் பக்கத்துக்கு 2 டொலர் கொடுப்பார்கள்? எந்த வேலை வந்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: இதனால் பயன்பெறுகிறவர் யார், அவர் ஏன் இவ்வளவு கொடுக்கிறார்?

இரண்டாவது கேள்வி, காசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. இணையத்தில் வேலைகளை விற்க உதவும் ஃபைவர் தளம் விற்பவரின் உழைப்பில் 20 வீதம் எடுக்கிறது. 10 டொலர் வேலைக்கு உங்களுக்கு 8 டொலர். கூடத்தான். ஆனால் எடுப்பது நீங்கள் உழைத்த பின், உழைத்ததிலிருந்து. அதைப் போன்ற இன்னொரு தளமான அப்வேர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கும் "கனெக்ட்ஸ்" புள்ளிகளுக்குக் காசு போகலாம். அதுவும் தளத்துக்கே அட்டையால் கட்டுவது, ஒரு தனியாளின் கணக்குக்கு அல்ல. அங்கேயும் "டெலிகிராமுக்கு வாருங்கள், வெளியே பேசுவோம்" என்கிற வாடிக்கையாளரோடு போகாதீர்கள். வெளியே போனால் தளத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

"வரி" என்ற சொல்லிலும் நீங்கள் ஏமாந்தீர்கள். இங்கே வருமான வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு, வருமானத்திலிருந்தே கழிக்கப்பட்டோ அது கைக்கு வந்தபின்னோ கட்டுவது. 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கும் இருக்கிறது. சம்பளத்தைத் தருவதற்கு முன் உங்கள் கையிலிருந்து வரி கட்டச் சொல்வது நேர்மையான கம்பனியின் வேலை அல்ல.

பணத்தைப் பெற பேயோனியர் போன்ற சேவை மூலமோ நேரடி வங்கி மாற்றம் மூலமோ உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு எடுங்கள். இலங்கையில் பேபால் வழியாகப் பணம் பெறும் வசதி நீண்ட காலம் இல்லாததால், வெளிநாட்டு விலாசத்தில் பேபால் கணக்கு எடுத்துத் தருகிறோம் என்று விற்பவர்கள் உண்டு. வாங்கவேண்டாம். கணக்கு முடக்கப்பட்டால் உங்களுடையது என்று நிரூபிக்க வழியே இல்லை.

சரி, என்ன வேலை? உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. பருவகாலத்தில் விருந்தினரின் விசாரிப்புகளுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதும், தளங்களில் அறை விலையை மாற்றுவதும் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்களமும் சமாளிப்பீர்கள். இது விற்கக்கூடிய திறமை. திருகோணமலையில் மாரி வந்து கடற்கரை வெறிச்சோடும்போது ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் பருவம் தொடங்குகிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்குள்ள சிறிய விடுதிகளுக்கு அறைப் பதிவும் பதில் எழுதும் வேலையும் நிறைய. குடும்பமாக நடத்துகிறவர்கள் இரவில் பதில் எழுத ஆளில்லாமல் நிற்பார்கள். உங்கள் விடுதி முதலாளியிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி, இரண்டு மூன்று விடுதிகளுக்கு மாதச் சம்பளத்துக்குக் கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்தே செய்யலாம், கொடுப்பவரை நேரில் அறியலாம், காசு ரூபாவில் வரும். என்னைக் கேட்டால் வெளிநாட்டு டொலருக்கு முன் இதைத்தான் தொடங்கச் சொல்வேன். அதோடு தமிழ், ஆங்கில மொழிபெயர்ப்பு, காணொளிகளுக்கு வசனம் எழுதுதல் போன்றவற்றை ஃபைவரில் மெதுவாக வைக்கலாம். முதல் சில மாதம் வருமானம் மிகவும் குறைவாகத்தான் இருக்கும்.

படிக்க விருப்பமானால் காசு கொடுத்து "இணையத்தில் உழைக்கும் இரகசியம்" வகுப்புகளுக்குப் போகாதீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் நிரலாக்கம் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறது. நகரிலேயே தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் இருக்கின்றன. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பாடநெறிகளை விசாரியுங்கள். இன்னும் ஆட்களைச் சேர்த்தால் கொமிஷன் என்று சொல்லும் எந்தத் திட்டமும் பிரமிட் திட்டமாக இருக்கலாம். அதை நடத்துவதும் ஊக்குவிப்பதும் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவில் குற்றம், ஆகவே சிநேகிதிகளை அதற்குள் இழுத்துவிடாதீர்கள்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விமானச் சீட்டு இலவசம் என்று அடுத்த மின்னஞ்சல் வந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படிப் போன எங்கள் நாட்டு இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைபட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையை அடிக்குப் பயந்து செய்திருக்கிறார்கள். பலரை அரசு தலையிட்டு மீட்கவேண்டி வந்தது. வெளிநாட்டு வேலை என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் அந்த முகவருக்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டபின்தான் மற்றப் பேச்சு.

அம்மாவுக்குச் சொல்வது

இதைச் சட்டக் காரணத்துக்காகவே சொல்கிறேன். பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலத்தில் காப்பு அடகு வைத்தது வரும். விசாரிக்க வீட்டுக்கும் வரலாம். அம்மா அதை ஒரு சீருடைக்காரரின் வாயால் முதலில் கேட்கக்கூடாது. இன்றிரவே சொல்லுங்கள், நாளை அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அடகுச் சீட்டை எடுத்துத் தவணை எப்போது முடிகிறது என்று பாருங்கள். மீட்கக் காசில்லை என்றாலும், முடிவதற்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கக் கேட்கலாம். தவறவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். நீங்கள் கூட்டத்துக்கு அனுப்ப நினைத்த அந்த அடுத்த 20,000 ரூபா எங்காவது புரட்டக்கூடியதாக இருந்தால், அது போகவேண்டிய இடம் இதுதான்.

வங்கியில் கொடுத்த கடிதத்தின் பிரதியும் முறைப்பாட்டு இலக்கமும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். கணக்கைத் திறக்க வங்கி மறுத்தால் அடுத்து யாருக்கு, என்ன எழுதுவது என்று அந்த இரண்டையும் பார்த்துச் சொல்கிறேன்.